எங்கள் காரின் சலாம்

எங்கள் வீட்டுக் கார் ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு தடவை பேசும். வாப்பா அதை ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் மிகவும் பணிவாக, ஒரே மூச்சில் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கும். 2017ஆம் ஆண்டு அந்தக் கார் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஜப்பானில் யாரோ ஓட்டிய பழைய வாகனர் அது. கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஜப்பான் ஸ்டிக்கரைக்கூட நாங்கள் இன்றுவரை கழற்றவில்லை. குரல் என்ன சொல்கிறது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. "குட்மோனிங் சொல்லுது" என்றார் வாப்பா. "பெல்ட்டப் போடச் சொல்லுது" என்றார் நானா. உம்மும்மாவுக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குரல் பேசி முடியும் வரை பொறுத்திருந்து, "வஅலைக்கும் ஸலாம்" என்பார்.

"அது சலாமில்ல உம்மும்மா."

"மரியாதையாப் பேசினா மரியாதையாப் பதில் சொல்லணும் மகள். பாஷ எதுவா ஈந்தா என்ன?"

கடந்த நோன்பு விடுமுறைக்குப் பெரியும்மாவின் மகள் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியக் கற்கை படிக்கிறார். பஸ் நிலையத்தில் இருந்து அவரை ஏற்றிக்கொண்டு வருவதற்காக வாப்பா காரை ஸ்டார்ட் பண்ணினார். குரல் பேசியது. ராத்தா சிரிக்கத் தொடங்கினார். நோன்புக் களைப்பையும் மறந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"ஈ.ரி.சி. காட் போடப்படவில்லை." அவ்வளவுதான் அந்த வசனம்.

ஈ.ரி.சி. என்பது ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் வாகனத்தை நிறுத்தாமலே கட்டணம் செலுத்தும் முறை. 2001ஆம் ஆண்டில் அது அந்த நாட்டில் பொதுப் பாவனைக்கு வந்தது. காரில் பொருத்திய சிறு பெட்டிக்குள் ஒரு காட்டைச் செருகிவிட்டால் கட்டணக் கூடத்தைக் கடக்கும்போது பணம் தானாகக் கணக்கில் ஏறும். காட் இல்லாவிட்டால் பெட்டி நினைவூட்டும். ஆக எட்டு வருடங்களாக எங்கள் கார் எங்களுக்குச் சலாம் சொல்லவில்லை. நாங்கள் ஒருபோதும் போகாத ஒரு பாதைக்கு, எங்களிடம் ஒருபோதும் இருந்திராத ஒரு காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அன்றிரவு தராவீஹ் முடிந்த பிறகு ராத்தா அந்த வசனத்தைப் பிரித்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு ஜப்பான் மீது உண்மையான ஆசை பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

வசனத்தின் முடிவில் வரும் 'இமசென்' என்பது மரியாதை வடிவம். வீட்டில் தம்பியிடம் அப்படிப் பேசமாட்டார்கள். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசுவார். 'நீங்கள் காட்டைப் போடவில்லை' என்று அந்தக் குரல் குற்றம் சொல்லவில்லை என்பதையும் ராத்தா கவனிக்கச் சொன்னார். காட் 'போடப்படவில்லை', யார் போடவில்லை என்பது வசனத்திலேயே இல்லை. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வருகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால், எங்கள் வேற்றுமை உருபைப் போல, 'க' என்று ஒரு சிறு சொல் ஒட்டிக்கொள்கிறது. இது மொழிப் பாடம்.

"சரி, இந்தக் கார் ஏன் இங்க வந்திச்சி?" என்று ராத்தா கேட்டார். பழசாகிவிட்டதால் என்று நான் சொன்னேன். "மூணு வருஷக் கார் பழசா?" அங்கே சட்டப்படி ஒவ்வொரு காரும் 'ஷாக்கென்' என்னும் பரிசோதனையில் தேற வேண்டும். புதுக் காருக்கு மூன்றாம் வருடத்தில் முதல் பரிசோதனை. அதன் பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் நல்ல செலவு. அந்தச் செலவைச் செய்வதைவிடக் காரை விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் அநேகம். அவர்கள் விற்கும் கார்கள்தான் கப்பலேறுகின்றன. இது சட்டமும் பொருளியலும்.

ஆனால் எல்லா நாட்டுக்கும் அவை வசதியாகப் போவதில்லை. ஜப்பானில் வாகனங்கள் இடது பக்கத்தால் ஓடுகின்றன. ஸ்டியரிங் வலப் பக்கம். அதனால் எங்களுக்கும் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் நியூசிலாந்துக்கும் அவை பொருந்துகின்றன. நாங்கள் இடது பக்கத்தால் ஓடுவது வெள்ளைக்காரன் ஆண்டதால். ஜப்பானை வெள்ளைக்காரன் ஆளவில்லையே! ஆனால் 1872இல் அங்கு முதல் ரயில் பாதையை அமைக்க உதவியவர்கள் ஆங்கிலேயப் பொறியியலாளர்கள்தாம். அதற்கும் முன்பே வீதியின் இடது பக்கத்தால் போகும் வழக்கம் அங்கே இருந்ததாகவும் சொல்கிறார்கள். ஒக்கினாவா தீவை மட்டும் போருக்குப் பின் அமெரிக்கா ஆண்டதால் அங்கு வலது பக்கத்தால் ஓடினார்கள். நாடு திரும்பக் கிடைத்து ஆறு வருடங்களுக்குப் பிறகு, 1978 ஜூலை 30ஆம் திகதி, தீவு முழுவதும் ஒரே நாளில் இடது பக்கத்துக்கு மாறியது. இது வரலாறு, அரசியல், புவியியல் எல்லாம்.

ஸஹர் நேரம் வரும் வரை நாங்கள் ஒரு வசனத்தை விட்டு எழும்பவில்லை. "இதுதான் எங்கட கோர்ஸ்" என்றார் ராத்தா.

நான் உயர்தரத்தில் புவியியல், அரசறிவியல், இஸ்லாமிய நாகரிகம் படிக்கிறேன். மூன்றும் மூன்று கொப்பிகள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் எழுதினால் புள்ளி கிடைக்காது. ராத்தாவின் படிப்பிலோ ஒரே நாட்டின் மொழி, இலக்கியம், வரலாறு, சமூகம், பொருளாதாரம் எல்லாம் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. இப்படி ஒரு நாட்டையே பாடமாக எடுக்கும் துறைகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. ஜப்பானியர்களே தங்களைப் பற்றிப் பல துறைகள் சேர்ந்து ஆராய 1987இல் கியோட்டோ நகரில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இஸ்லாமிய நாகரிகமும் ஓரளவு அப்படியொரு பாடம்தான். கட்டடக் கலை, மருத்துவம், ஆட்சி, வணிகம் எல்லாம் அதில் வருகின்றன. பரீட்சைக்குப் படிக்கும்போது அது தெரிவதில்லை!

எனக்கும் அதையே படிக்க வேண்டும் என்று பெருநாளன்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டுச் சஹனைச் சுற்றி இருந்தபோது சொன்னது பிழையென்று பிறகு விளங்கியது.

மாமாதான் முதலில் பேசினார். "டவுன்ல எத்தன ஜப்பான் கிளாஸ் போட் தொங்குது? ஆறு மாசம் போய் நாலாம் லெவல் பாஸ் பண்ணினா விசா எடுக்கேலும். அதுக்கு நாலு வருஷம் என்னத்துக்கு? அதுவும் பொம்புளப் புள்ள." உம்மா விடுதியைப் பற்றிக் கவலைப்பட்டார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. வாப்பாவுக்கு உதிரிப்பாகக் கடை இருக்கிறது. ஜப்பானை ஒருபோதும் காணாவிட்டாலும் இருபது வருடங்களாக அதன் பிரேக்கையும் கிளச்சையும் தொட்டுத் தொட்டு அறிந்தவர். "நாடு நல்ல நாடுதான். ஆனா நாட்டப் படிச்சி என்ன செய்ற?" என்று மட்டும் கடைசியில் கேட்டார்.

மாமா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் அப்படிப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மொழி வகுப்பு வேலைக்கான கதவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாப்பாவின் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. ராத்தா விட்டுப் போன புத்தகங்களை வாசித்தேன். அவற்றில் பதிலைவிட அதிகமாகச் சந்தேகம்தான் கிடைத்தது.

ஒரு நாட்டை முழுமையாகப் படிக்கும் ஆசை எப்போதும் அன்பினால் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் அமெரிக்க அரசு ரூத் பெனடிக்ட் என்ற மானிடவியலாளரிடம் ஜப்பானியர்களைப் பற்றி ஆராயும்படி கேட்டது. எதிரி எப்படி நினைப்பான் என்று தெரிய வேண்டியிருந்தது. போர் என்பதால் அவர் ஜப்பானுக்குப் போக முடியாது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களிடம் பேசினார், படங்கள் பார்த்தார், நூல்கள் வாசித்தார். 1946இல் 'செவ்வந்திப் பூவும் வாளும்' என்று பொருள்படும் பெயரில் அவரது நூல் வந்தது. இரண்டு வருடத்தில் ஜப்பானிய மொழியிலும் வெளிவந்து அங்கேயே பெரும் வாசகர்களைப் பெற்றது. ஜப்பானிய அறிஞர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. விவசாயியையும் படைவீரனையும், நேற்றையும் இன்றையும், ஒரே அச்சில் வார்த்துவிட்டார் என்பது அவர்களது குறை. பின்னர் 1958இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிப் பிற நாடுகளையும் மொழிகளையும் கற்பிக்கும் நிலையங்களுக்குப் பணம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'தேசியப் பாதுகாப்பு' என்ற சொற்கள் இருந்தன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது எங்களுக்குக் கிட்டிய கதை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல வருடங்கள் வாதாடினார். எங்கள் நாட்டுப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவரது மனைவி மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை என்பதையும் அடுத்த பக்கத்திலேயே வாசித்தேன். வசன அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகள் சொந்தக்காரர்களாகிவிடாது. இருந்தாலும் அவர்களது உழைப்பால் இரு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் வந்தது. அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. காரின் குரலில் சலாமைக் கேட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆசை நன்றாக விளங்கும்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். நான் ஆறாம் தரம் படித்த 2019ஆம் ஆண்டு, ஏப்ரலுக்குப் பிறகு ஒருநாள், ஓர் ஆய்வுக்காக என்று சொல்லி இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையானவர்கள். கையில் படிவம் இருந்தது. உம்மாவிடம் கேட்டார்கள். ஹபாயா எப்போதிருந்து அணிகிறீர்கள்? யார் சொல்லி அணிகிறீர்கள்? வீட்டில் எந்த மொழி? பிள்ளைகள் வேறு சமயப் பிள்ளைகளோடு பழகுவார்களா? ஆம், இல்லை என்று அடையாளம் இட்டுக்கொண்டே போனார்கள். உம்மா தேநீரும் வட்டிலப்பமும் கொடுத்தார். அரை மணித்தியாலத்தில் படிவம் நிரம்பிவிட்டது.

அவர்கள் போன பிறகு உம்மும்மா கேட்டார், "நம்மளப் பத்திக் கேக்க வந்தவங்க ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

அவர்களுக்கு முன்னால்தான் உம்மும்மாவின் தையல் மெஷின் இருந்தது. ஊரில் எத்தனை மணப்பெண்களுக்கு அவர் உடுப்புத் தைத்திருக்கிறார்! பக்கத்து வீட்டுக் குமாரி அக்காவின் கல்யாண ஒசரிக்கு ஜக்கட் தைத்ததும் அவர்தான். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. பொய்யாக ஒன்றையும் அவர்கள் எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தாளில் இருந்தவர்கள் நாங்கள் அல்லர்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் பஸ்ஸில் எங்கள் பையைப் பார்த்த கண்களிலும் அப்படி ஒரு படிவம் இருந்தது. ஒரே கேள்விக்கு ஒரே பதில் அதில் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது.

ஒரு பாடத்துக்குள் ஒரு சமூகத்தை அடக்கினால் என்ன நடக்கும் என்பது எனக்கு அப்படித்தான் தெரியும். அரசியலை மட்டும் படித்தவருக்கு நாங்கள் ஒரு பிரச்சினை. வியாபாரத்தை மட்டும் பார்த்தவருக்கு நாங்கள் ஒரு கடை. ஒசரி ஜக்கட்டையும் வட்டிலப்பத்தையும் கடைக் கணக்கையும் அந்த ஏப்ரலையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் நாலு வருடம் செலவழித்தால், அது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படியானால் நானும் ஜப்பானை ஆறு மாதத்தில் முடிக்க ஆசைப்படக்கூடாது அல்லவா?

அப்படிச் செலவழித்த ஒருவரைப் பற்றி ராத்தாவின் குறிப்புக் கொப்பியில் வாசித்தேன். பெயர் தொஷிஹிக்கோ இஸுத்சு. 1914இல் பிறந்தவர். முஸ்லிம் அல்லர். சென் தியானம் பழகிய வீட்டில் வளர்ந்தவர். ரஷ்யப் பக்கம் இருந்து ஜப்பானுக்கு வந்து சேர்ந்திருந்த தாத்தார் இன ஆலிம்களிடம் அறபு கற்றார். 1938இல் தோக்கியோவில் பள்ளிவாசல் கட்டியவர்களும் அந்தத் தாத்தார் மக்கள்தாம். 1958இல் அவர் குர்ஆனை அறபு மூலத்தில் இருந்து நேரடியாக ஜப்பானிய மொழியில் முழுமையாகப் பெயர்த்து முடித்தார். பிறகு குர்ஆனில் ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து, 'ஈமான்', 'குப்ர்', 'ஷுக்ர்' போன்ற சொற்களின் பொருளை உள்ளிருந்தே விளக்க முயன்றார். வெளியில் இருந்து வந்த ஒருவர், தன் அளவுகோலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது போல எனக்கு இருந்தது. உம்மும்மாவுக்கு இதைச் சொன்னேன். "அவருக்கு வட்டிலப்பம் குடுத்திருக்கணும்" என்றார்.

ஜப்பானை நான் கனவு நாடாக நினைத்துவிடக்கூடாது என்பதற்காக ராத்தா இன்னொன்றையும் சொன்னார். எங்கள் நாட்டைச் சேர்ந்த விஷ்மா சந்தமாலி என்ற இளம் பெண் 2017இல் மாணவியாக அங்கே போனவர். விசாக் காலம் முடிந்த பின் நகோயா நகரின் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தபோது நோயுற்று, 2021 மார்ச் 6ஆம் திகதி, 33 வயதில் இறந்தார். அவருடைய சகோதரிகள் ஜப்பானுக்குப் போய் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களோடு ஜப்பானியர்களும் வீதியில் நின்றார்கள். அந்த வருடம் அரசு கொண்டு வந்திருந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் கைவிடப்பட்டது. பிறகு 2023இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. வகுப்பில் இதைப் பற்றிப் பேசிய அன்று சகுரா பூவைப் பற்றிய கவிதைப் பாடமும் இருந்ததாம். "ரெண்டும் ஒரே நாடு. ஒண்ட விட்டா மத்தது விளங்காது" என்றார் ராத்தா.

இதையெல்லாம் நான் வாப்பாவிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. அவர் கடையால் வரும் நேரம் களைத்திருப்பார். நானும் பரீட்சை, டியூஷன் என்று ஓடினேன். ஆனால் ஹிரகானா எழுத்துக்கள் நாற்பத்தாறையும் பாடமாக்கிவிட்டேன். கன்ஜி எழுத்துக்களில் பொதுப் பாவனைக்கென்று அரசு குறித்தவை மட்டும் 2,136. அவற்றில் எனக்கு ஏறக்குறைய ஐம்பது தெரியும். வருடம், மாதம், நாள், ஆறு, மலை போன்றவை. வெட்கப்படும் கணக்குத்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போக வாப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் இருந்த அந்தப் பழைய ஸ்டிக்கரைக் காட்டினார். "படிக்கிறேன் படிக்கிறேன் எண்டு சொல்றியே. இதில என்ன எழுதி ஈக்கு?"

28, 6, 12 என்று பேனையால் எழுதிய மூன்று எண்கள். கீழே 43,200.

"இது வேற வாகனத்துட ஸ்டிக்கர்" என்றார் வாப்பா. "2012 ஜூன் 28. நம்மட கார் 2014ல செஞ்சது."

எண்களுக்கு நடுவில் அச்சடித்திருந்த கன்ஜிகள் எனக்குத் தெரிந்தவை. வருடம், மாதம், நாள். ஜப்பானியர்கள் வருடத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். ஆனால் 28ஆம் வருடம் என்றால்? அங்கே ஒவ்வொரு பேரரசரின் காலத்தையும் ஒன்றில் இருந்து எண்ணும் ஒரு வருடக் கணக்கு உண்டு என்று ராத்தா சொல்லியிருந்தார். ஹெய்செய் காலம் 1989இல் தொடங்கியது. விரல் விட்டு எண்ணினேன். ஹெய்செய் 28 என்பது 2016. ஜூன் மாதம் 12ஆம் திகதி. மேல் வரியைப் போனில் படம் பிடித்து ராத்தாவுக்கு அனுப்பினேன். 'ஒயில் மாற்றம்' என்று பதில் வந்தது. கீழே இருந்தது, மாற்றிய நேரத்தில் கார் ஓடியிருந்த தூரம்.

"அப்ப 2016லயே நாப்பத்து மூவாயிரத்து இருநூறு கிலோமீற்றர் ஓடி ஈக்கு, வாப்பா."

வாப்பா துணியைக் கீழே வைத்தார். 2017இல் அந்தக் காரை அவருக்கு விற்றவர் மீற்றரைக் காட்டித்தான் விலை பேசினார். அப்போது மீற்றரில் 19,000 இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த எண் பாடம். குறைய ஓடிய கார் என்று வாப்பா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். இருபது வருடம் உதிரிப்பாகம் விற்றவர் எட்டு வருடமாக அந்த ஸ்டிக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"ராத்தாட கம்பஸ்ல வருஷத்துக்கு எத்தன பேர எடுக்கிற?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வாப்பா காரை ஸ்டார்ட் பண்ணினார். குரல் பேசியது. ஜன்னலுக்குள் இருந்து உம்மும்மா பதில் சலாம் சொன்னார்.